மேசைமீது கிடப்பவன் யார்?

நான்காம் எண் மேசை. அதன்மீது ஒரு மனிதன். மல்லாந்து கிடக்கிறான். பார்மலின் நெடி மூக்கைத் துளைக்கிறது. கண்ணில் நீர் கோக்கிறது எனக்கு. துயரத்தால் அல்ல, மருந்தின் காரத்தால். சுற்றிலும் வெள்ளை அங்கி அணிந்த இளைஞர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. ஒருத்தி கையிலே கத்தி. ஒருவன் கையிலே இடுக்கி. இன்னொருவன் கையிலே பாடநூல். கத்தி ஏந்திய அந்தப் பெண்ணின் விரல் நடுங்குகிறது. முதல் கீறல்!

ஏன் சென்றேன் அங்கே? நாடகம் ஒன்றுக்காக. கதைத் தலைவன் மருத்துவ மாணவன். நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். அதுவும் மருத்துவக் கல்லூரி அன்று. அறியாததை அறிந்தவன்போல் எழுதிடும் துணிவு எனக்கில்லை. நண்பர் ஒருவர் மூலம் அனுமதி பெற்று, ஒரு முற்பகல் முழுவதும் அந்தக் கூடத்திலே நின்றேன்.

பார்த்தேன் அந்த மனிதனின் கையை. உள்ளங்கையிலே காய்ப்பு. மூட்டை தூக்கிய கையோ, மண்வெட்டி பிடித்த கையோ, வண்டி இழுத்த கையோ, யாரறிவார்? ஆனால் உழைத்த கை! உயிர் போயிற்று, உறவு போயிற்று, பெயரும் போயிற்று. காய்ப்பு மட்டும் போகவில்லை.

“இவர் யார்?” என்று கேட்டேன், கூடத்து ஊழியரிடம்.

“அநாதைப் பொணங்க” என்றார் அவர்.

அவர்மீது குற்றமில்லை. அவருக்குக் கற்றுத்தரப்பட்ட சொல் அது. நாமும் நாவிலே வைத்திருக்கும் சொல்தான் அது. அன்று மாலை வீடு திரும்பியும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நாடகம் நின்றது, இந்தக் கட்டுரை பிறந்தது.

இன்று மருத்துவ உலகிலே ஒரு வாதம் நடைபெறுகிறது. மருத்துவ மாணவன் மனித உடலை எப்படிக் கற்க வேண்டும்? கத்தி எடுத்துத் தானே அறுத்துக் கற்பதா? வல்லுநர் முன்னரே அறுத்து வைத்த பகுதிகளைக் கையிலேந்திக் கற்பதா? பிளாஸ்டிக் ஏற்றிய உடலைப் பார்த்துக் கற்பதா? அச்சிட்ட பொம்மையைப் பிரித்துப் பூட்டிக் கற்பதா? அல்லது, மேசையளவு அகலமான கண்ணாடித் திரையிலே விரலால் தள்ளித் தள்ளிக் கற்பதா?

“இது மருத்துவர்களின் வேலை, மேடைப் பேச்சாளனுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்கக்கூடும் சிலர். கேட்கட்டும்! அறுக்கப்படுவது யாருடைய உடல் என்ற கேள்வி மருத்துவர்களுடையது மட்டுமல்ல. அறுக்கக் கற்றவன் நாளை யாருடைய உடலிலே கத்தி வைப்பான் என்ற கேள்வியும் அவர்களுடையது மட்டுமல்ல. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே: நம்முடையது!

முதலிலே கையைப் பற்றிப் பேசுவோம்.

ஐரோப்பாவிலே ஒரு காலம் இருந்தது. பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பார். கையிலே காலன் எழுதிய ஏடு. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த அந்தப் பேரறிஞர் எழுதியதை ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். கீழே, பிணத்தின் பக்கத்தில், நாவிதர் ஒருவர் அறுப்பார். இன்னொருவர் கோல்கொண்டு சுட்டிக்காட்டுவார். படித்தவர் தொடமாட்டார், தொட்டவர் படித்திலர்! இப்படி நடந்தது பாடம். ஏட்டிலே ஒன்று இருக்கும். மேசையிலே வேறொன்று இருக்கும். பிழை ஏட்டிலே என்று சொல்லும் துணிவு எவருக்கும் வரவில்லை.

வந்தான் ஓர் இளைஞன். பிரஸ்ஸல்ஸிலே 1514-இல் பிறந்த வெசாலியஸ். இருபத்து மூன்றாம் வயதிலே பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியன். நாற்காலியை விட்டு இறங்கினான். நாவிதரை விலக்கினான். தன் கையால் கத்தியை எடுத்தான். அறுத்தான், ஆராய்ந்தான், அதிர்ந்தான்! மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றது காலனின் ஏடு. மேசையிலே கிடந்த மனிதனுக்கோ ஒரே எலும்பு! மார்பெலும்பு ஏழு துண்டு என்றது ஏடு. மூன்று என்றது கண். காலன் அறுத்தவை குரங்குகளையும் பிற விலங்குகளையும். அந்தக் குரங்கின் கணக்கை மனிதன்மீது ஏற்றி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓதி வந்திருக்கிறது உலகம்!

1543-இல் வெளிவந்தது வெசாலியஸின் பெருநூல். அதன் முகப்புப் படத்தைப் பாருங்கள். ஆசிரியன் பிணத்தின் அருகிலே நிற்கிறான், அதன்மீது கை வைத்தபடி. வேலையிழந்த பழைய அறுப்பாளர்கள் மேசைக்கடியிலே!

பழைய பண்டிதர்கள் தோல்வியை ஒப்பினரோ? வெசாலியஸின் ஆசிரியராக இருந்த சில்வியஸ் என்ன சொன்னார் தெரியுமா? “காலன் எழுதியது பிழையன்று, காலனுக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது!” என்றார். ஏடு மாறாது, உடம்பு மாறிக்கொள்ள வேண்டும்! தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் புதிதோ? நம் ஊர்த் திண்ணைகளிலே கேட்ட குரல் அன்றோ இது!

நம் நாட்டின் கதை இன்னும் வேதனை நிறைந்தது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழம் மருத்துவ நூல், உடலை எப்படிக் கற்க வேண்டும் என்று முறை வகுத்திருக்கிறது. பிணத்தைப் புல்லால் சுற்றி, கூண்டிலிட்டு, ஓடும் நீரிலே வைத்து, ஏழு இரவு கழிந்து எடுத்து, வேரும் மூங்கிலும்கொண்டு செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோலிலிருந்து உள்ளுறுப்புவரை ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காண வேண்டும் என்று உரைக்கிறது. அப்படி எழுதிய நாட்டிலே பின்னர் என்ன நேர்ந்தது? பிணம் தீட்டு. பிணத்தைத் தொட்டவன் தீட்டு. தொடும் வேலை ஒரு சாதியின் தலையிலே; நூலைத் தொடும் உரிமை மற்றொரு சாதியின் கையிலே. கையும் ஏடும் பிரிந்தன. பிரிந்த இடத்திலே அறிவு செத்தது!

1835-இல் கல்கத்தாவிலே மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. அதே ஆண்டிலே சென்னையிலும். அதற்கு முன்பு கல்கத்தாவின் வடமொழிக் கல்லூரியில் மருத்துவம் கற்றோர் மெழுகு உருவங்களையும் ஆட்டின் உறுப்புகளையும் பார்த்தே மனிதனைக் கற்றனர். 1836-இல் மதுசூதன் குப்தா என்ற வைத்திய ஆசிரியர் நான்கு மாணவர்களுடன் ஓர் அறைக்குள் நுழைந்து, மனித உடலிலே கத்தி வைத்தார். கலகம் நேருமென அஞ்சிக் கல்லூரியின் வாயில்களை அடைத்து வைத்தனர் என்பர். ஒரு கத்திக்கு இத்தனை காவல்! ஏனெனில் அந்தக் கத்தி கிழித்தது ஒரு பிணத்தின் தோலை மட்டுமல்ல. தீட்டு என்னும் தடித்த தோலையும்தான்.

இவ்வளவு போராடிப் பெற்ற உரிமை இது. கையால் தொட்டுக் கற்கும் உரிமை! இன்று அதை, ‘பழைய முறை’ என்று ஓரங்கட்டப் பார்க்கிறார்கள் சிலர். அவர்கள் கூறுவதை முழுதும் கேட்போம். எதிரியின் வாதத்தை மறைத்துப் பேசுவது வெற்றியன்று.

முன்னரே அறுத்து வைத்த பகுதிகளைக் கொண்டு கற்பிக்கும் முறையைப் ‘புரோசெக்ஷன்’ என்கிறார்கள். வல்லுநரின் கை அறுத்திருப்பதால் நரம்பும் நாளமும் தெளிவாகத் தெரியும். ஓர் உடல் பல மாணவர்களுக்குப் பயன்படும். நேரமும் மிச்சம். உண்மை, மறுப்பதற்கில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலே 1977-இல் குந்தர் ஃபான் ஹாகன்ஸ் கண்டறிந்தது பிளாஸ்டினேஷன். உடலின் நீரைக் குளிர்ந்த அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்திலே வைத்து, அசிட்டோன் வெளியேற வெளியேற அதன் இடத்திலே சிலிக்கோனை ஏற்றி இறுகச் செய்வது. நாற்றமில்லை, ஈரமில்லை, ஆண்டுக்கணக்கிலே கெடாது. உண்மை.

அச்சு இயந்திரத்திலே உறுப்பை முப்பரிமாணமாக அச்சிடலாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2014-இல் அப்படியொரு தொகுதியை அறிமுகம் செய்தது. கணினித் திரையிலோ உடலைக் குறுக்கே வெட்டலாம், நெடுக்கே வெட்டலாம், திருப்பலாம். நோயாளியின் ஸ்கேன் படத்தைப் படித்திடும் பழக்கம் திரையால் நன்கு வரும். உண்மை.

பார்மலின் நல்லதன்று, பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அதுவும் உண்மை.

இங்கிலாந்திலே 2002-இல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவப் பள்ளி, பிணம் அறுக்கும் கூடமே இல்லாமல் மாணவரைப் பயிற்றுவித்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அறுத்துக் கற்றவர்க்கும் பிற முறைகளில் கற்றவர்க்கும் தேர்வு மதிப்பெண்ணிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. “பார்த்தீரா? பிணம் எதற்கு?” என்று முழங்குகின்றனர் எதிர்க்கட்சியினர்.

மதிப்பெண்ணிலே வேறுபாடில்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு எதை அளந்தது? பெயரை அளந்தது. இடத்தை அளந்தது. இந்த நரம்பு எது, அந்தத் தசை எது என்ற நினைவை அளந்தது. கையை அளந்ததோ? எத்தனை அழுத்தினால் தோல் பிளக்கும், எத்தனை அழுத்தினால் அடியிலுள்ள நாளமும் பிளந்துவிடும் என்று அறிந்திடும் அந்த விரலின் அறிவை, எந்தக் கேள்வித்தாள் அளக்கும்? நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நீந்தத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். ஆற்றிலே தள்ளினால் அன்றோ தெரியும்!

நாடகக்காரன் நான். ஒரு காட்சி காட்டுகிறேன், பாருங்கள். திரை உயர்கிறது. மேடையிலே ஒரு கண்ணாடி மேசை. பக்கத்திலே தொடாநாதப் பண்டிதர். எதிரிலே மாணவன்.

பண்டிதர்: விரலால் தள்ளு தம்பி, தோல் போகும். மறுபடி தள்ளு, தசை போகும். இரத்தமில்லை, நாற்றமில்லை!

மாணவன்: நரம்பு எது ஐயா?

பண்டிதர்: அதோ, மஞ்சள்!

மாணவன்: தமனி?

பண்டிதர்: சிவப்பு!

மாணவன்: சிரை?

பண்டிதர்: நீலம்! இதுகூடவா தெரியவில்லை?

மாணவன்: தவறாக வெட்டிவிட்டால்?

பண்டிதர்: இந்தப் பொத்தானை அழுத்து, மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மாணவன்: நாளைக்கு நான் அறுக்கப்போகும் நோயாளியின் வயிற்றிலே, மஞ்சளும் சிவப்பும் நீலமும் பூசியிருக்குமா ஐயா? அந்தப் பொத்தான் எங்கே இருக்கும்?

பண்டிதர் திரையை அணைக்கிறார். மேடை இருள்கிறது.

சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். இன்னொன்றையும் இப்போதே செய்து பாருங்கள். வலக்கையை நீட்டுங்கள். பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேருங்கள். மணிக்கட்டைச் சற்றே உட்புறமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவிலே கயிறுபோல் ஒன்று புடைத்து எழுகிறதா? பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண் அது. பக்கத்திலிருக்கும் தோழரையும் செய்யச் சொல்லுங்கள். சிலருக்கு எழாது. அவர்களுக்கு அந்தத் தசையே இல்லை! ஒரு கையிலே இருந்து மறு கையிலே இல்லாதவரும் உண்டு. அதனால் அவர்களுக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் பாடம் பெரிது: மனிதர் அனைவரும் ஒரே அச்சிலே வார்த்தவர் அல்லர்.

திரையிலே காட்டுவது ஒருவர் அல்லது சிலரின் உடல். கூடத்திலே பத்து மேசை இருந்தால் பத்து மனிதர், பத்து விதம். பித்தப்பைக்குச் செல்லும் சிறு தமனி பெரும்பாலோர்க்குக் கல்லீரலின் வலத் தமனியிலிருந்து பிரியும். சிலர்க்கு வேறிடத்திலிருந்து பிரியும். வேறு வழியிலே ஓடும். “புத்தகத்திலே இப்படித்தான் இருக்கிறது” என்று கத்தி வைத்தால் பித்தக்குழாய் அறும், நோயாளி துடிப்பான். பக்கத்து மேசையிலே எட்டிப் பார்த்து, “உன்னுடையவருக்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்டுப் பழகிய மாணவன், நாளை சற்றே நின்று நிதானிப்பான். அந்த நிதானத்தின் பெயர்தான் மருத்துவம்!

ஆகவே என் தீர்ப்பு இது. திரை வேண்டாம் என்று சொல்லும் பழமைவாதி அல்லன் நான். திரை இருக்கட்டும், துணையாக. பிளாஸ்டிக் உடல் இருக்கட்டும், திருப்பிப் பார்த்திட. வல்லுநர் அறுத்த பகுதி இருக்கட்டும், வழிகாட்ட. பார்மலின் கேடென்றால் குறைத்திடும் வழியுண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து வால்டர் தீல் 1992-இல் வெளியிட்ட முறையிலே பதப்படுத்தினால் உடல் விறைக்காமல், மூட்டு மடங்கி, உயிருள்ளவர் உடல்போல் நெகிழ்வாக இருக்கும். செலவு கூடும், செய்யட்டும் அரசு! ஆனால், ஒரு முறையேனும் தன் கையால் முழுதும் அறுத்துக் கற்றிடும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவனுக்கும் வேண்டும். ஒன்றரை ஆண்டாக இருந்த முதற் பருவத்தை 1997-இல் ஓராண்டாகச் சுருக்கினார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்து கூடங்களையே பூட்டிற்று. தமிழ்நாட்டிலே 2022 ஜனவரியில் ஒரே நாளிலே 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பெருமைதான்! ஏழை வீட்டுப் பிள்ளை தன் மாவட்டத்திலேயே மருத்துவம் படிக்கிறது. கட்டடம் எழுந்தது, இடங்கள் பெருகின. அந்தப் பிள்ளைகளின் மேசைக்கு ஓர் உடல் எங்கிருந்து வரும்?

இங்கேதான், தோழர்களே, நம் முகத்திலே அறைகிறது முதற்கேள்வி. மேசைமீது கிடப்பவன் யார்?

வரலாற்றைப் புரட்டுவோம். இங்கிலாந்திலே 1752 முதல், கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களை அறுப்புக்கு அளித்தனர். தண்டனைமேல் தண்டனை! அது போதவில்லை. புதைகுழி தோண்டிப் பிணம் திருடும் தொழில் தழைத்தது. எடின்பரோவிலே பர்க், ஹேர் என்ற இருவர், தம் விடுதியிலே இறந்துபோன ஒருவனின் உடலை 7 பவுன் 10 ஷில்லிங்கிற்கு உடற்கூறியல் ஆசிரியருக்கு விற்றனர். விலை இனித்தது. இறப்புக்காகக் காத்திருப்பானேன் என்று கொல்லவே தொடங்கினர். 1828 முடிவதற்குள் பதினாறு பேர்! யார் அந்தப் பதினாறு பேர்? சீமான்களா? சீமாட்டிகளா? நாடோடி, பிச்சைக்காரி, தேடி வர ஆளில்லாத ஏழைகள். 1829-இல் பர்க் தூக்கிலிடப்பட்டு, அவனும் அறுக்கப்பட்டான்.

பிறகு 1832-இல் சட்டம் வந்தது. என்ன சொல்லிற்று சட்டம்? ஏழையர் விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களை அறுக்கக் கொடுக்கலாம் என்றது. கொலைகாரனுக்கு நேற்று அளித்த தண்டனை, இன்று வறியவனுக்கு! அவன் செய்த குற்றம்? பணமில்லாமல் செத்தது!

அந்தச் சட்டத்தின் நிழல் நம் நாட்டின்மீதும் படிந்தது. பம்பாயிலே 1949-இல் உடற்கூறியல் சட்டம்; பிற மாநிலங்களிலும் அதைப்போன்ற சட்டங்கள். உரிமை கோரப்படாத உடல் கல்லூரிக்கு. உரிமை கோர யார் வருவார்? பீகாரிலிருந்து வந்து பாலம் கட்டியவனுக்கு, ஊருக்குச் செய்தி போகுமுன் கெடு முடிந்துவிடும். நடைபாதையிலே படுத்தவளுக்கு முகவரி ஏது? மாளிகையிலே மடிந்தவன் என்றேனும் ‘உரிமை கோரப்படாத உடல்’ ஆனதுண்டா?

“ஆகவேதான் பிணம் வேண்டாம், வேறு முறை வேண்டும் என்கிறோம்” என்று குறுக்கிடுவார் தொடாநாதர். நில்லும் ஐயா! உம்முடைய முறைகளின் அடியிலே கிடப்பது யார்? தூக்கிப் பார்ப்போம்.

ஏடா? வியன்னாவின் பெர்ன்காப்ஃப் தொகுத்த உடற்கூறியல் படநூல், அழகிலே இணையற்றது என்று புகழப்பட்டது. அவர் நாஜி. அவருடைய நிறுவனத்துக்கு, நாஜி ஆட்சியிலே கொல்லப்பட்ட 1,377 பேரின் உடல்களாவது சென்றன என்று வியன்னா பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998-இல் கண்டது. அந்த அழகிய படங்களுக்குப் பின்னே அறுபட்ட கழுத்துகள்!

பிளாஸ்டிக் உடலா? அமெரிக்காவிலே காட்சி வைத்து நுழைவுச்சீட்டு விற்ற நிறுவனமொன்று, தன்னிடமிருந்த சீன உடல்கள் மரண தண்டனைக் கைதிகளுடையவை அல்ல என்று மெய்ப்பிக்க இயலாமல், 2008-இல் நியூயார்க் அரசு வழக்கறிஞரோடு உடன்படிக்கை செய்து, அதை வாயிலிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று.

திரையா? கணினி உடலுக்கெல்லாம் முன்னோடி, 1994-இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட ஆண் உடற்படங்கள். டெக்சாஸிலே 1993-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியின் உடல் அது. உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் பருமனுக்குச் சீவிச் சீவிப் படமெடுத்தனர். கையெழுத்திட்டுக் கொடுத்தவன்தான், ஆனால் சிறைக்கொட்டடியிலே, சாவின் வாசலிலே நின்று கொடுத்த இசைவு, எத்தனை சுதந்திரமான இசைவு?

பார்த்தீர்களா! ஏட்டின் கீழே ஏழை. பிளாஸ்டிக்கின் கீழே கைதி. திரைக்குள்ளே தூக்குமேடை. முறையை மாற்றினால் பாவம் கழுவப்படாது. கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த முறை’ என்பது மட்டுமல்ல. ‘யாருடைய இசைவு’ என்பதும்!

விடை என்ன? ஒன்றே ஒன்று. உயிரோடு இருக்கும்போதே, தெளிந்த அறிவோடு, “எனக்குப்பின் என் உடல் கல்விக்கு” என்று எழுதிக் கொடுக்கும் மனிதர்கள். பறிக்கப்பட்ட உடல் அல்ல, கொடுக்கப்பட்ட உடல்.

முடியாத செயலா இது? 1832-லேயே செய்து காட்டினார் லண்டனின் ஜெரமி பெந்தாம். அந்தச் சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரம் முன்பு இறந்த அந்த அறிஞர், தம் உடலை நண்பர்கள் முன்னிலையிலே அறுத்து விளக்கும்படி எழுதி வைத்திருந்தார், அவ்வாறே நடந்தது. இங்கிலாந்தோ, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, இறந்தவர் தாமே எழுதிக் கொடுத்தாலன்றி உடலை அறுத்துக் கற்பிக்க இயலாது என்றாக்கிவிட்டது. தைவானிலே ட்சூ சி மருத்துவக் கல்லூரி மாணவர்கள், உடலளித்தவரின் இல்லம் சென்று, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிந்த பின்னரே கத்தி எடுக்கிறார்கள். தாய்லாந்திலே அந்த உடலைப் ‘பேராசான்’ என்றே அழைக்கின்றனர். நம் நாட்டிலே, இருபத்து மூன்று ஆண்டுகள் மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவின் உடல் 2010-இல் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது. 2024-இல் சீத்தாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குச் சென்றது. அவர்கள் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆனால் அந்த மேசைமீது ஒரு முதலமைச்சர் படுத்தார் என்றால், பெயரற்ற அந்தக் காய்ப்பேறிய கைக்குப் பக்கத்திலே சமமாகப் படுத்தார் என்றல்லவா பொருள்! சமத்துவம் என்று நாம் மேடையிலே முழங்குகிறோமே, அதைவிடப் பெரிய சமத்துவ மேடை எங்கே இருக்கிறது?

“கொள்ளி வைக்க வேண்டாமா? கருமாதி என்னாவது? ஆன்மா அலையாதா?” என்பார் சடங்குவாதி. ஐயா, எரித்தால் ஒரு பிடி சாம்பல். புதைத்தால் சில நாளிலே மண். அறுத்தால் ஒரு கூட்டம் மருத்துவர்கள்! இதிலே எது கருமம், எது தருமம்?

வாதம் எளிது. வீடு கடினம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உடற்கொடைப் படிவம் வாங்கி வந்தேன். கையெழுத்திட்டேன். உறவினர் ஒப்புதல் வேண்டும். என் அம்மாவின் முன் நீட்டினேன். படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “என்னைத் தூக்கிப் போட வேண்டியவன் நீ. உன்னைத் தூக்கிக் கொடுக்கிறேன்னு நான் கையெழுத்துப் போடணுமாடா?”

பதிலில்லை என்னிடம். ஊர் ஊராகப் பேசிக் கைதட்டல் வாங்குபவன், ஒரு தாயின் முன்னே வாயடைத்து நின்றேன். நான்காம் மேசை மனிதனைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். “அவனைப் பெத்தவ எங்கே தேடிக்கிட்டிருக்காளோ” என்றார்கள் அம்மா. அவ்வளவுதான். படிவம் இன்னும் நாட்காட்டிக்குப் பின்னே செருகியபடி இருக்கிறது, என் ஒரு கையெழுத்தோடு. அம்மாவின் மனத்தை வென்றுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆகவே, தோழர்களே, நான் கேட்பவை இவை.

அரசிடம் கேட்கிறேன்: உரிமை கோரப்படாத உடல் என்று முத்திரை குத்துமுன், உறவைத் தேட உண்மையாக முயலுங்கள். அந்த உடலுக்கு ஒரு பதிவு, கல்வி முடிந்தபின் மரியாதையோடு ஓர் அடக்கம், கல்லூரி வாசலிலே ஒரு நினைவுக்கல், இவற்றைச் சட்டமாக்குங்கள். ‘அநாதைப் பிணம்’ என்ற சொல்லை ஏட்டிலிருந்து அடியுங்கள். அரசு என்று ஒன்று இருக்கும் நாட்டிலே அநாதை எப்படி இருக்க முடியும்? கண்ணாடி மேசைக்குக் கோடியைக் கொட்டுமுன், கூடத்துக்கு நல்ல காற்றோட்டமும், உடலைக் காத்திடும் நல்ல முறையும், போதிய ஆசிரியரும் தாருங்கள்.

மாணவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பாடத்திட்டமே பிணத்தை ‘முதல் ஆசான்’ என்கிறது. கத்தி எடுக்குமுன் உறுதிமொழியும் கூறுகிறீர்கள். அது வாய்ச்சொல்லாக வேண்டாம். அந்தக் கையைப் பாருங்கள். அந்தக் கை உழைத்துக் கட்டிய கல்லூரியாக இருக்கலாம் நீங்கள் நிற்பது.

உங்களிடம் கேட்கிறேன், தோழர்களே! பல மாவட்டங்களிலே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் உடற்கூறியல் துறையிலே படிவம் கிடைக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. உங்களுக்குப்பின் உறவினர்தான் செய்தி சொல்லி உடலைச் சேர்க்க வேண்டும். எனவே மறைத்துக் கையெழுத்திடாதீர்கள், வீட்டாரோடு பேசுங்கள். கண்ணைத் தனியே கொடுத்தும் உடலைக் கொடுக்கலாம். விபத்திலே இறந்து பிரேதப் பரிசோதனைக்கு உட்பட்ட உடலையும், சில தொற்றுநோய் கண்ட உடலையும் பெற மாட்டார்கள். அதையும் அறிந்து வையுங்கள். கிளைக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். தலைவர்களின் பிறந்தநாளுக்குப் பந்தல் போடுகிறோம், பதாகை கட்டுகிறோம். அந்தப் பந்தலிலே ஒரு மேசை போட்டு, பத்துப் படிவம் வையுங்கள். முதல் கையெழுத்து கிளைச் செயலாளருடையதாக இருக்கட்டும்!

வறியவனின் உடல் மட்டும் கற்பிக்க, வசதியுள்ளவனின் உடல் மட்டும் அந்தக் கல்வியால் காக்கப்படும் இந்த முறை ஒழிய வேண்டும். நான்காம் மேசையிலே கிடந்த அந்த மனிதன் யாரையும் கேட்காமல் கொடுத்தான்; அவனையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கடன் நம்மீது இருக்கிறது.

நாளை ஒருவன் அந்தக் கூடத்துக்குள் நுழையட்டும். “மேசைமீது கிடப்பவர் யார்?” என்று கேட்கட்டும். ஊழியர் தலைநிமிர்ந்து சொல்லட்டும்: “இவர் பெயர் இன்னது. இன்ன ஊர். தாமே எழுதிக் கொடுத்து வந்தவர்!”

அந்த விடையை எழுதும் பேனா உங்கள் சட்டைப் பையிலே இருக்கிறது. எடுங்கள்!